தொய்வு விட்டால்தான் படம் ஓடும்

பழைய பிலிம் புரொஜெக்டருக்குள் பிலிம் ஓடுகிறது என்றுதான் எல்லாரும் சொல்லுறம். உண்மையில் அது நின்று நின்றுதான் போகிறது. ஒரு சின்னக் கொக்கி பிலிமின் ஓரத்தில் இருக்கிற துளைக்குள் நுழையும், ஒரு பிரேம் அளவுக்குக் கீழே இழுக்கும், வெளியே வரும், மேலே போகும், அடுத்த துளையைப் பிடிக்கும். பிலிம் அசையாமல் நிற்கிற அந்தக் கணத்தில்தான் பல்பின் வெளிச்சம் அதற்குள்ளால் திரைக்குப் போகும். பிலிம் நகரும்போது ஒரு தகடு சுழன்று வந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். செக்கனுக்கு 16 தடவை, அல்லது 18 தடவை இது நடக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. மேலே இருக்கிற றீலும் கீழே இருக்கிற றீலும் நிற்காமல் சுத்துகின்றன. நடுவில் கொக்கி மட்டும் விட்டு விட்டு இழுக்கிறது. ஒரே பிலிமை ஒரு பக்கம் தொடர்ந்தும் மற்றப் பக்கம் வெட்டி வெட்டியும் இழுத்தால் என்ன நடக்கும்? துளை கிழியும். அதனால்தான் வெளிச்சம் விழுகிற அந்த இடுக்குக்கு, அதாவது கேற்றுக்கு, மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் பிலிமைத் தொய்வாக விடுகிறார்கள். பெரிய தியேட்டர் மெசின்களில் அந்தத் தொய்வு ஒரு கை அகலத்துக்கு இருக்கும். வீட்டுப் படங்களுக்கான 8 மி.மீ. புரொஜெக்டரில் அது ஒரு பெருவிரல் அளவுதான். அந்தச் சின்ன வளைவு இல்லாவிட்டால் படம் இல்லை.

பிலிம் மாட்டும்போது வருகிற பிரச்சினைகளில் முக்கால்வாசி கடைசியில் இந்தத் தொய்வில்தான் வந்து நிற்கும் என்று இப்ப நாங்கள் தைரியமாகச் சொல்லுவோம். நாலு ஞாயிற்றுக்கிழமைகள் இதோடதான் கழிந்தன.

நாங்கள் என்றால் மூன்று பேர். கலைப்பீடம், மூன்றாம் வருஷம். ஒருவர் மட்டக்களப்பு, ஒருவர் ஹற்றன், ஒருவர் கிளிநொச்சி. திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட ஒரே வீட்டில் அறை எடுத்து இருக்கிறம். இரண்டு வீடு தள்ளி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியே இருக்கிறார். ஊரே அவவை ரீச்சர் என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். கொழும்பில் இருந்த அவவின் சொந்தக்காரர் வீடு மாறும்போது, முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே கிடந்த ஒரு புரொஜெக்டரை லொறியில் போட்டு அனுப்பிவிட்டார்கள். "பிள்ளையள், உங்களுக்கு உந்தப் படம் கிடம் எல்லாம் விளங்கும்தானே, இதை ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்று ரீச்சர் கேட்டார். எங்களுக்கு விளங்கிய படம் எல்லாம் லப்ரொப்பில் பார்த்ததுதான். ஆனாலும் போனோம்.

மேசையில் இரண்டு சாமான் இருந்தன. ஒன்று சாம்பல் நிறப் புரொஜெக்டர். மற்றது ஒரு பிஸ்கற் தகரம். தகரத்துக்குள் ஏழு சின்ன றீல்கள். ஒவ்வொன்றும் 50 அடி. ரீச்சரின் அண்ணா லண்டனில் வேலை செய்தவர். 1960களில் லீவில் வரும்போதெல்லாம் ஒரு கமராவும் கொண்டு வந்து, வீட்டையும் சனத்தையும் எடுத்துக்கொண்டு போய், அங்கே கழுவி, அடுத்த முறை வரும்போது கொண்டு வந்து போட்டுக் காட்டுவாராம்.

ரீச்சரின் ஊர் வலிகாமம் வடக்கு. 1990 இல் வெளிக்கிட்டபோது அவ கையில் கொண்டு வந்தவற்றில் அந்தத் தகரமும் ஒன்று. 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் போனபோதும் அது கூடவே போனது, திரும்பி வந்தது. 2017 இல் காணியை விட்டபோது போய்ப் பார்த்தால் வீடு இருந்த இடத்தில் பற்றையும் கிணறும்தான். படத்தை ஓட்டுகிற மெசின் கொழும்பில், படம் வடக்கில். அவ கடைசியாக அந்தப் படங்களைப் பார்த்தது 1980களின் தொடக்கத்தில்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

முதலில் பிலிமைத் தொடாமல் மெசினை மட்டும் பார்த்தோம். பல்பைப் போடாமல், பிலிம் மாட்டாமல், மோட்டரை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். மோட்டர் சுத்தியது. றீல் சுத்தவில்லை. பின் மூடியைக் கழற்றினால், உள்ளே இருந்த றப்பர் பெல்ற் தார் மாதிரி உருகிச் சக்கரத்தோடு ஒட்டியிருந்தது. இது ஒரு மெசினுக்கு மட்டும் வருகிற வருத்தம் இல்லை. அந்தக் காலத்து றப்பர் கனக்க இப்படித்தான் முடிகிறது. பஞ்சையும் அற்ககோலையும் வைத்துத் துடைத்து எடுக்க ஒரு பின்னேரம் போனது. பழைய றேடியோ, கசற் ரெக்கோடர் திருத்துகிற ஒரு ஐயா சக்கரத்தை நூலால் அளந்து, இருந்ததில் தடிப்பான பெல்ற் ஒன்றைத் தேடித் தந்தார். "கன காலத்துக்குப் பிறகு ஒரு நல்ல சாமான் கொண்டு வந்திருக்கிறியள்" என்றார். காசு வாங்கவில்லை.

அடுத்தது கேற். பிலிமை இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஒரு ஸ்பிரிங் மெல்ல அமத்திப் பிடிக்கிறது. அந்த இடத்தில் பழைய பிலிம்களின் மருந்துத் தூள் வருஷக்கணக்காகப் படிந்து கல்லு மாதிரி இறுகியிருக்கும். அதற்குள்ளால் பிலிம் போனால் கீறு விழும், சிக்கும், தொய்வும் காணாமல் போகும். இதை ஊசியாலோ கத்தியாலோ சுரண்டக்கூடாது. தகட்டில் விழுகிற ஒரு கீறு பிறகு எல்லாப் பிலிமிலும் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். ஐசோபுரொப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சுக்குச்சியும், பல்லுக் குத்துகிற மரக்குச்சியும் காணும். திரையின் ஓரத்தில் பெரிய மயிர் ஒன்று ஆடிக்கொண்டிருப்பதைப் பழைய வீட்டுப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது கேற்றில் ஒட்டியிருக்கிற ஒரு சின்னத் தும்புதான், அவ்வளவு பெரிசாகத் தெரிகிறது.

மூன்றாவது, இரண்டு வகை எட்டு. 8 மி.மீ. பிலிம் 1932 இல் வந்தது. சுப்பர் 8 வந்தது 1965 இல். அகலம் இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால் பார்த்தவுடன் வித்தியாசம் தெரியாது. துளையைப் பார்க்க வேண்டும். பழைய 8 இல் துளை பெரிது, இரண்டு பிரேம்கள் சந்திக்கிற கோட்டில் இருக்கும். சுப்பர் 8 இல் துளை சின்னது, பிரேமின் நடுவுக்கு நேரே இருக்கும். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடைவெளி பழையதில் 3.81 மி.மீ., சுப்பர் 8 இல் 4.23 மி.மீ. அரை மில்லிமீற்றர் கூட இல்லாத வித்தியாசம். ஆனால் கொக்கிக்கு அது போதும், துளை இல்லாத இடத்தில் குத்துவதற்கு. ரீச்சரின் புரொஜெக்டர் இரண்டையும் ஓட்டக்கூடியது. பக்கத்தில் ஒரு சுவிச் இருக்கு. படம் மேலும் கீழும் பாய்ந்தால், பிலிம் 'டக டக' என்று சத்தம் போட்டால், வேறு எதையும் கழற்றுவதற்கு முன் அந்தச் சுவிச் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். றீலின் நடுத் துளையும் வேறு: பழையதுக்குச் சின்னது, சுப்பர் 8 க்குப் பெரிது.

நாலாவது விஷயம் எல்லாவற்றையும்விட முக்கியம். பழகுவதற்கு வேறு பிலிம் வேண்டும். போனால் அழமாட்டீர்கள் என்கிற ஒரு பிலிம். புரொஜெக்டர் வந்த பெட்டிக்குள் சுப்பர் 8 கார்ட்டூன் றீல் ஒன்று கிடந்தது. இரண்டு ஞாயிறு நாங்கள் அந்தக் கார்ட்டூனைத்தான் ஓட்டினோம். ஒரு பூனை ஓர் ஏணியில் ஏறி விழுவதை இருபது தடவையாவது பார்த்திருப்போம்.

இந்த மெசின் தானாகவே பிலிமை மாட்டிக்கொள்ளும் வகை. நுனியை மேல் வாய்க்குள் விட்டால், பல்லுச்சக்கரம் பிடித்து, வளைந்த தகடுகள் வழிகாட்டி, மேல் தொய்வையும் கீழ்த் தொய்வையும் தானே உருவாக்கி, கடைசியில் கீழ் றீலில் கொண்டுபோய்ச் சுத்திவிடும். செய்ய வேண்டிய வேலை நுனியை விடுவது மட்டும்தான். கேட்க லேசு. முதல் நாள் பத்துத் தடவையில் எட்டுத் தடவை பிலிம் கேற்றுக்கு முன்னாலேயே மடிந்து கொக்கோகோ வடிவத்தில் சுருண்டு வெளியே வந்தது.

காரணம் நுனிதான். பல வருஷம் றீலில் சுத்திக் கிடந்த பிலிம் அந்த வளைவைப் பழகிவிடும். நுனி உள்பக்கம் சுருண்டிருந்தால் வழிகாட்டித் தகட்டில் முட்டும். துளை நடுவில் கிழிந்திருந்தால் பல்லு பிடிக்காது. இதற்காகவே மெசினின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டி வைத்திருக்கிறார்கள். பிலிமை அதற்குள் வைத்து அமத்தினால் நுனியை அளவாக, துளையைப் பார்த்து வெட்டித் தரும். வெட்டிய பிறகு நுனியை விரல்களுக்கு நடுவில் வைத்து எதிர்ப்பக்கமாக மெல்ல நீவி நேராக்க வேண்டும். அதற்குப் பிறகு பத்துக்குப் பத்தும் போனது. படம் தொடங்குவதற்கு முன் வெறும் பிலிம் நாலைந்து அடி ஒட்டி வைத்திருப்பதும் இதற்காகத்தான். வெட்டுப்படுவதும் கிழிவதும் அதில் போகட்டும், படத்துக்குச் சேதம் வேண்டாம்.

ஓடத் தொடங்கிய பிறகு வருகிற பெரிய பிரச்சினை தொய்வு தொலைவது. திரையில் படம் திடீரென்று மேல்நோக்கி இழுபட்டுக் கலங்கும். முகங்கள் எல்லாம் நீளமாக உருகும். சத்தமும் மாறும், தையல் மெசின் மாதிரி ஒரே சீராக இருந்தது, கடகடக்கத் தொடங்கும். கீழ்த் தொய்வு இறுகிவிட்டது என்று அர்த்தம். சில மெசின்களில் தொய்வை மீட்க ஒரு பொத்தான் இருக்கும், அமத்தினால் பிலிமைச் சட்டென்று ஒரு வளைவு தள்ளிவிடும். இல்லாவிட்டால் நிற்பாட்டித் திரும்ப மாட்ட வேண்டியதுதான். ஒருத்தர் எப்பவும் சுவிச்சில் கை வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். பல்ப் எரியும்போது பிலிம் நின்றுவிட்டால் அந்த ஒரு பிரேம் சூட்டில் பொங்கி, மண்ணிறக் குமிழியாகித் திரையிலேயே உருகும். பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் அது திரும்பி வராது.

மூன்றாவது ஞாயிறுதான் ரீச்சரின் றீல்களைக் கையில் எடுத்தோம்.

அவை எல்லாம் பழைய 8. ஒவ்வொரு றீலும் சரியாக நடுவில் தொய்வை இழந்தது. முதலில் இது என்ன மாயம் என்று யோசித்தோம். பிறகு விளங்கியது. பழைய 8 இல் கமராவுக்குள் போவது 16 மி.மீ. அகலமான 25 அடிப் பிலிம். ஒரு பக்கத்தை எடுத்து முடித்து, ஸ்பூலைத் திருப்பிப் போட்டு மற்றப் பக்கத்தை எடுப்பார்கள். கழுவிய பிறகு நெடுக்காக இரண்டாகக் கிழித்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி 50 அடியாக்கித் தருவார்கள். அந்த ஒட்டு, அறுபது வருஷத்துக்கு முன் லண்டனில் யாரோ போட்ட ஒட்டு, எங்கட மெசினில் தடக்கியது. அந்த இடத்தில் திரையில் ஒரு வெள்ளை, பிறகு செம்மஞ்சள் வெளிச்சம் வந்து போகும். ரீச்சரின் அண்ணா வெயிலில் நின்று கமராவைத் திறந்து ஸ்பூலைத் திருப்பிய நேரம் அது. கொழும்பில் குறும்படம் எடுக்கிற நண்பர் ஒருவர் பிலிம் ஒட்டுகிற நாடா கொஞ்சம் அனுப்பினார். சாதாரண கம் ரேப் போடக்கூடாது, அதன் பசை கசிந்து பக்கத்துச் சுற்றையும் பிடித்துவிடும்.

அப்படி ஆறு றீல்களை ஒவ்வொன்றாக, முதலில் பல்ப் இல்லாமல் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, பிறகு சுவரில் வெள்ளைப் பெற்சீற் கட்டிப் போட்டோம். ஒரு றீல் நாலு நிமிஷம் மட்டில். கீரிமலைக் கேணியில் குதிக்கிற பெடியள். ஒரு கலியாண வீட்டில் வாழை கட்டுகிற ஆட்கள். ஒஸ்ரின் காருக்குப் பக்கத்தில் முறைத்துக்கொண்டு நிற்கிற, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். "உது நான்தான்" என்று ரீச்சர் சொன்னார். நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. சத்தம் இல்லாத படம் என்பதால் ரீச்சர் பேசிக்கொண்டே இருந்தார். ஆர் ஆருக்கு என்ன முறை, ஆர் இப்ப கனடாவில், ஆர் இல்லை.

ஏழாவது றீலின் பெட்டியில் பென்சிலால் 'வீடு, 1968' என்று எழுதியிருந்தது. திறந்தவுடன் புளித்த மணம் மூக்கில் அடித்தது. வினாகிரி மணம்.

8 மி.மீ. பிலிம் தீப்பிடிக்கிற பழைய நைத்திரேற்று வகை இல்லை, அசற்றேற்று வகை. அது லேசில் தீப்பிடிக்காது, ஆனால் மெல்லப் புளிக்கும். சூட்டிலும் ஈரத்திலும் அசற்றேற்று உடைந்து அசற்றிக் அமிலம் வெளிவரும். சமையலறை வினாகிரியில் இருக்கிறதும் அதுதான். வெளிவந்த அமிலம் போக வழி இல்லாமல் அடைபட்டுக் கிடந்தால் உடைவை இன்னும் வேகமாக்கும். இறுக்கி மூடிய பிஸ்கற் தகரம், எங்கட நாட்டுச் சூடு, முப்பது வருஷம். மற்ற ஆறும் எப்படித் தப்பின என்பதுதான் ஆச்சரியம். அடியில் கிடந்த இதுதான் பிடிபட்டது. பிலிம் தட்டையாகப் படுக்கவில்லை, ஓரம் அப்பள ஓரம் மாதிரி அலை அலையாக இருந்தது.

அமிலம் வெளியேறினால் பிலிம் சுருங்கும். எவ்வளவு என்று அளந்து பார்க்கலாம். 100 துளை இடைவெளிகள் 381 மி.மீ. இருக்க வேண்டும். நல்ல றீல் ஒன்றை அடிமட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து எண்ணினால் கிட்டத்தட்ட அவ்வளவு வந்தது. ஏழாவது றீலில் 375. நூற்றுக்கு ஒன்றரை வீதத்துக்கு மேல் சுருங்கிவிட்டது. நூற்றுக்கு ஒன்று சுருங்கினாலே புரொஜெக்டரில் போடுவது ஆபத்து. கொக்கி ஒவ்வொரு தடவையும் துளையின் விளிம்பில் குத்தும். தொய்வு எவ்வளவு விட்டாலும் சில அடிகளுக்குள் தொலைந்துவிடும். செக்கனுக்கு 16 குத்து. ஒரு தடவை ஓடும், அதுவும் முழுக்க ஓடுமா தெரியாது, பிறகு மிஞ்சுவது கிழிசல்.

இதை ரீச்சரிடம் சொன்னோம். அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"ஓட்டுங்கோ" என்றார் பிறகு. "கிழிஞ்சா கிழியட்டும்."

"ரீச்சர், இதை வெளிநாட்டில ஸ்கான் பண்ணலாம். பல்லே இல்லாமல், உருளையால பிலிமைக் கொண்டு போற மெசின் இருக்கு. சுருங்கினதையும் எடுக்கும்."

"எனக்கு எழுபத்தெட்டு வயசு, தம்பி. அப்புவின்ர முகம் என்னட்டை இருக்கு. பாஸ்போட் எடுத்த படம் இருக்கு, அந்தா சுவரில கிடக்கு. அப்பு எப்பிடி நடக்கிறவர் எண்டது மறந்து போச்சு. அது இந்த றீலிலை மட்டும்தான் இருக்கு."

அண்டைக்கு இரவு அறையில் நாங்கள் சண்டை பிடித்தோம் என்றே சொல்லலாம். ஓட்டக்கூடாது என்றது மட்டக்களப்பு. இது ஒரு வீட்டுச் சாமான் மட்டும் இல்லை, இடிக்கப்பட்ட ஒரு ஊரின் சாட்சியம், அதை நாலு நிமிஷ ஆசைக்குக் கொடுக்கக்கூடாது என்ற வாதம். ஓட்ட வேண்டும் என்றது கிளிநொச்சி. இது எங்களுக்கு எதிர்பாராதது. ஏனென்றால் அந்த வீட்டில் 2009 க்கு முன் எடுத்த ஒரு படம்கூட இல்லை. "எங்களிட்ட ஒண்டும் இல்லை. அதாலதான் சொல்லுறன். பாக்க வேண்டிய ஆள் உயிரோட இருக்கேக்க பாக்கட்டும். அவ போன பிறகு அந்த நடை ஆருக்கு அடையாளம் தெரியும்? நாங்கள் பாத்தால் அது ஆரோ ஒரு கிழவன் நடக்கிறது."

இதற்குப் பதில் சொல்வது லேசு இல்லை. ஆவணம், காப்பகம் என்று நாங்கள் கனக்கக் கதைக்கிறம். 1981 இல் நூலகம் எரிந்ததைப் பற்றி எழுதாத வருஷம் இல்லை. 1983 ஜூலையில் ஹெந்தளையில் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டு அதோடு படச்சுருள்கள் போனதைப் பற்றி இங்கே சினிமா எழுதுகிற எல்லாருக்கும் தெரியும். இழப்பு என்றால் நெருப்பு என்றே பழகிவிட்டோம். ஆனால் இந்த றீலை ஒருத்தரும் எரிக்கவில்லை. ஒவ்வொரு இடப்பெயர்விலும் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். தண்ணி போகக்கூடாது, பூச்சி போகக்கூடாது என்று இறுக்கி மூடினார்கள். காப்பாற்றின அந்தத் தகரமே அதைப் புளிக்கவும் வைத்தது. வேறு என்ன செய்திருக்கலாம்? ஓடுகிற சனத்துக்குக் குளிரூட்டிய அறை எங்கே? அதனால் இதில் ரீச்சரின் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இனிமேல் எப்படி வைத்திருப்பது என்ற கேள்வி இருக்கிறது. பாதுகாப்பது என்றால் மூடி வைப்பது என்று மட்டும் நினைத்தால், திறக்கும்போது உள்ளே மணம்தான் மிஞ்சும். பார்ப்பதற்கும் வைத்திருப்பதற்கும் நடுவிலும் கொஞ்சம் தொய்வு வேண்டும்.

வழி சொன்னது ஹற்றன். "நடைதானே வேணும்? மெசின் ஏன்?"

நாலாவது ஞாயிறு புரொஜெக்டரைத் தொடவில்லை. ஒரு போனின் திரையை முழு வெள்ளையாக்கி, மேலே ரேசிங் தாள் போட்டோம். அதன் மேல் மட்டையில் 8 மி.மீ. அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, பிலிம் மெல்ல வழுக்கிப் போக விட்டோம். இழுவை இல்லை, கொக்கி இல்லை, சூடு இல்லை. இன்னொரு போனில் கிட்டப் பார்க்கிற சின்ன லென்ஸை மாட்டி, இரண்டு தம்ளர்களுக்கு மேல் அசையாமல் வைத்தோம். ஒரு பிரேம் என்றால் அகலம் ஐந்து மில்லிமீற்றர்கூட இல்லை. ஒருவர் பிலிமின் ஓரத்தில் மட்டும் பிடித்து நகர்த்த, ஒருவர் துளை கோட்டுக்கு நேரே வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்ல, ஒருவர் படம் எடுக்க. ரீச்சர் பூதக்கண்ணாடியோடு பக்கத்தில் இருந்து, ஜன்னல் வெளிச்சத்தில் றீலின் மற்ற நுனியை மெல்லப் பார்த்துக்கொண்டு வந்தார். அவதான் இடத்தைக் கண்டுபிடித்தார். "இஞ்சை. கிணத்தடி. அப்பு வாறார்."

50 அடியில் 4,000 பிரேம்கள். நாங்கள் அன்றைக்கு எடுத்தது அடுத்தடுத்து 48. செக்கனுக்கு 16 என்றால் மூன்று செக்கன். மத்தியானம் சாப்பிட்டு விட்டுத் தொடங்கி விளக்கு வைக்கிற நேரம் முடித்தோம். துளைகளை வைத்து 48 படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக்கிப் போனிலேயே ஓட விட்டோம்.

வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு மனிசன். இடது கையில் பட்டை. கிணத்துக் கட்டில் இருந்து இறங்கி, நாலு அடி நடந்து, கமராவைக் கண்டு சிரிக்கத் தொடங்குகிறார். அவ்வளவுதான், முடிந்துவிடும்.

ரீச்சர் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். ஆறாம் தடவையோ ஏழாம் தடவையோ, "வலது கால்" என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. "வலது காலைக் கொஞ்சம் வெளியால வைச்சு நடப்பார். எங்கட பெரியண்ணாவும் அப்பிடித்தான். நானும் அப்பிடித்தானாம், ஸ்கூலில பிள்ளையள் நெளிச்சுக் காட்டுறவை." எழும்பி அறைக்குள் நாலு அடி நடந்து காட்டினார். அப்படித்தான் இருந்தது.

அந்த றீல் இப்ப தகரத்துக்குள் இல்லை. காற்றுப் போகிற ஒரு மட்டைப் பெட்டியில், மற்ற ஆறிடம் இருந்து தள்ளி, அலுமாரியின் கீழ்த் தட்டில் இருக்கு. புளித்த பிலிமின் ஆவி நல்ல பிலிமையும் பிடிக்கும், அதனால் தனியே வைக்க வேண்டும். ரீச்சரின் மகன் அடுத்த முறை லண்டனில் இருந்து வரும்போது கொண்டு போய் ஸ்கான் பண்ணுவார். அதுவரை மிச்சம் 3,952 பிரேம்கள். அவற்றில் வீட்டின் திண்ணை இருக்கு, வாசல் தூண் இருக்கு, முகத்தைக் கையால் மறைக்கிற ரீச்சரின் அம்மா இருக்கிறார். பூதக்கண்ணாடியால் பார்த்தவை. ஓடி நாங்கள் பார்க்கவில்லை.

உங்கட வீட்டிலும் பரணில், அலுமாரிக்கு மேலே, யாரோ விட்டுவிட்டுப் போன சூட்கேசில் இப்படி ஒரு சின்ன றீல் கிடக்கலாம். கண்டால் உடனே மெசின் தேடி ஓட வேண்டாம். முதலில் திறந்து மணந்து பாருங்கள். புளிப்பு இல்லை, தட்டையாகப் படுக்குது என்றால் நல்லது. துளையைப் பார்த்துப் பழைய 8 ஆ, சுப்பர் 8 ஆ என்று பிரியுங்கள். 100 துளையை அடிமட்டத்தில் வைத்து அளவுங்கள். பழைய 8 க்கு 381, சுப்பர் 8 க்கு 423. கனக்கக் குறைந்தால் புரொஜெக்டர் வேண்டாம், ஒரு வெள்ளைத் திரையும் ஒரு லென்ஸும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் காணும். தகரத்தை மட்டும் திரும்ப இறுக்கி மூடாதீர்கள்.

அதோடு, அந்தப் படத்தில் நடக்கிற ஆட்களை அடையாளம் தெரிந்த ஒருத்தர் வீட்டில் இருந்தால், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.